ரங்கூன் வீட்டு அடுப்படியில் கறுப்பு எள் மாட்சா லாட்டே: முழுமையான வழிகாட்டி

தேயிலையையும் எள்ளையும் சேர்த்துச் சாப்பிடுவது பர்மாவில் வாழ்கிறவர்களுக்குப் பழகிய ருசி. லபெத்தோ என்னும் தேயிலைக் கலவைத் தட்டில் ஊறிய தேயிலையோடு வறுத்த எள் கட்டாயம் இருக்கும். இலையின் துவர்ப்பை எள்ளின் எண்ணெய் தணிக்கும். கறுப்பு எள் மாட்சா லாட்டேயும் அதே பொருத்தத்தில்தான் நிற்கிறது. அடியில் இனிப்புச் சேர்த்த எள் விழுது, நடுவில் பால், மேலே மாட்சா என்னும் ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடி.

ஜப்பான் தனக்கு வேண்டிய எள்ளில் 99 சதவீதத்துக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. கறுப்பு எள்ளை அதற்கு அனுப்பும் நாடுகளில் பர்மாவும் ஒன்று. ஆகவே இங்கே இருந்துகொண்டு இந்தப் பானத்தைச் செய்கிறவருக்குத் தொலைவிலிருந்து வரவேண்டியது மாட்சா மட்டும்தான். எள் மக்வே, மண்டலே, சகாயின் பக்கத்து வறண்ட நிலத்தில் விளைந்து நேரே சந்தைக்கு வந்துவிடுகிறது.

இந்த லாட்டேயைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு. எள்ளுக்கு நிதானமான தணல் வேண்டும். மாட்சாவில் கொதிநீர் படக்கூடாது. பாலுக்கும் ஓர் எல்லை உண்டு. இந்த மூன்று சூட்டையும் சரியாகப் பிடித்துவிட்டால் விலை உயர்ந்த மாட்சாவோ நுரை அடிக்கும் மின்கருவியோ தேவைப்படாது. கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத ஊரில், கையாலேயே செய்யும் வழியையும் ஒவ்வொரு இடத்திலும் சேர்த்தே சொல்கிறோம்.

எள் வாங்கும்போது

தெயின்ஜீ சேய் போன்ற பெரிய சந்தையில் கேட்டால் கறுப்பு எள் எளிதாகக் கிடைக்கும். பர்மியப் பேச்சில் அது 'ஹ்நான் நெ'. நிறுவை வீசைக் கணக்கில். பெயர் நம் தமிழ் வீசையேதான், இங்கே அதன் எடை 1.63 கிலோ. நூறு கியாத்தா ஒரு வீசை என்பதால் பத்து கியாத்தா கேட்டால் 163 கிராம் வரும். முதல் தடவைக்கு அது போதும். சுமார் ஏழு கோப்பைக்கு விழுது கிடைக்கும்.

எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அதனால் பழசானால் காறும். நான்கைந்து எள்ளை வாயில் போட்டு மெல்லுங்கள். பச்சை எள்ளுக்கு லேசான இனிப்பும் மெல்லிய கசப்பும் இருக்கும். பழைய எண்ணெய் வாடையோ, தொண்டையில் கரகரப்போ வந்தால் அந்தக் கடை எள் வேண்டாம். சனிக்கிழமை விளக்குக்குத் துணியில் முடிந்து எரிக்கவென்று விற்கும் சிறு பொட்டலங்களையும் இதற்கு எடுக்காதீர்கள். அவை எவ்வளவு நாள் கிடந்தவை என்று சொல்ல முடியாது, உண்பதற்கென்று சுத்தம் செய்தவையும் இல்லை.

சாயம் ஏற்றிய எள்ளைக் கண்டுபிடிக்க ஓர் எள்ளை நகத்தால் உடைத்துப் பாருங்கள். தோல் மட்டுமே கறுப்பு, உள்ளே பருப்பு வெள்ளையாக இருக்க வேண்டும். உள்ளேயும் கறை ஏறியிருந்தால் சந்தேகப்படுங்கள். தண்ணீரில் போட்டதும் லேசாகப் பழுப்போ ஊதாவோ இறங்குவது இயற்கை. போட்ட கணத்தில் மைபோலக் கறுத்தால் அது சாயம்.

அரித்து, காயவைத்து, வறுப்பது

முதலில் முறத்தில் புடைத்துத் தூசியையும் பொக்கையும் தள்ளுங்கள். பிறகு அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, அரிசி அரிப்பதுபோல் அரித்தெடுக்க வேண்டும். எள் மேலே வரும், மணலும் கல்லும் அடியில் தங்கும். இதை இரண்டு முறையாவது செய்யுங்கள். சாப்பாட்டில் ஒரு மணல் பட்டால் பொறுத்துக்கொள்ளலாம். மென்மைக்காகவே குடிக்கும் பானத்தில் அது முழுக் கோப்பையையும் பாழாக்கும்.

அரித்த எள்ளை மெல்லிய துணியில் பரப்பி 2, 3 மணி நேரம் வெயிலில் காயவிடுங்கள். மழைக்காலத்தில் மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு வைக்கலாம். ஈரத்தோடு வாணலியில் போட்டால் எள் முதலில் ஆவியில் வேகும். சில வெடிக்கும், சில பச்சையாகவே நிற்கும், பல இடத்தில் ஒட்டிக்கொள்ளும். மணம் ஒருபோதும் சரியாக வராது.

வறுப்பதற்கு அடி கனமான இரும்புச் சட்டி நல்லது. கரியடுப்பானால் தணல் வெளுத்து அடங்கிய பிறகு வையுங்கள். கேஸ் அடுப்பானால் நடுத்தரத்துக்குக் கீழே. சட்டியில் எள் அரை விரற்கடைக்கு மேல் உயரக்கூடாது. 163 கிராம் எள்ளைச் சிறு சட்டியில் இரண்டு தடவையாக வறுப்பதே சரி.

கறுப்பு எள்ளில் உள்ள பெரிய சிக்கல், நிறம் பார்த்து வறுக்க முடியாது என்பது. வெள்ளை எள் பொன்னிறமாவது கண்ணுக்குத் தெரியும், கறுப்பு எள் கருகினாலும் அதே கறுப்பாகத்தான் நிற்கும். இதற்கு எளிய உபாயம், ஒரு தேக்கரண்டி வெள்ளை எள்ளைச் சேர்த்து வறுப்பது. வெள்ளை எள் இளம் சந்தன நிறத்துக்கு வரும்போது கறுப்பும் அங்கேதான் இருக்கும். நிறுத்த வேண்டிய இடம் அதுவே. விழுதின் நிறத்தை இந்தச் சிறு வெள்ளை மாற்றாது.

ஓசையையும் கேளுங்கள். முதல் 3, 4 நிமிடம் அமைதியாக இருக்கும். பிறகு ஒன்றிரண்டு பொரியும். பொரிதல் கூடி, படபடவென்று தொடர்ச்சியாகக் கேட்கத் தொடங்கி அரை நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். மொத்தம் 7 முதல் 9 நிமிடம் ஆகும். கரண்டியை நிறுத்தாமல் அடியிலிருந்து புரட்டுங்கள். எள்ளுருண்டைக்கும் இட்லிப்பொடிக்கும் 'நன்றாகப் பொரியட்டும்' என்று விடுகிற வழக்கம் உண்டு, அவற்றில் வெல்லமும் மிளகாயும் கசப்பை மூடிக்கொள்ளும். இங்கே மாட்சாவின் கசப்பு மேலேயே இருக்கிறது. எள்ளும் கசந்தால் இரண்டும் கூடி மருந்தாகிவிடும். கருகிய எள்ளைச் சர்க்கரையாலும் பாலாலும் மீட்க முடியாது, புதிதாக வறுப்பதுதான் வழி.

அடுப்பை அணைத்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். இரும்புச் சட்டியின் சூடு இன்னும் 2 நிமிடம் வறுத்துக்கொண்டே இருக்கும். உடனே அகலத் தாம்பாளத்தில் கொட்டிப் பரப்புங்கள். ஓர் எள்ளை விரல்களுக்கு நடுவே நசுக்கினால் பொடிந்து மணக்க வேண்டும். நசுங்கித் தட்டையாகி ஒட்டினால் இன்னும் 1 நிமிடம் வறுக்கலாம்.

விழுதாக அரைப்பது

எள் முழுவதும் ஆறின பிறகே அரைக்க வேண்டும் என்பது மிக்சிக்குப் பொருந்தும். மிக்சியின் கத்தி தானே சூடு ஏற்றும், அதன்மேல் எள்ளின் சூடும் சேர்ந்தால் எண்ணெய் வேகமாகப் பிரிந்து மணம் பறந்துவிடும். உரலில் இடிப்பவர்களுக்கு எள் இளஞ்சூட்டில் இருப்பது உதவி, எண்ணெய் எளிதில் வெளிவரும்.

மிக்சியில் அரைப்பதானால் சட்னி ஜாரை எடுங்கள். ஈரம் ஒரு சொட்டுகூட இருக்கக்கூடாது. 100 கிராமுக்குக் குறைவாகப் போட்டால் எள் சுவரில் ஒட்டிக்கொண்டு கத்திக்கு எட்டாது. 20 விநாடி ஓட்டி நிறுத்துங்கள். சுவரில் ஒட்டியதை வழித்து நடுவே தள்ளி மறுபடி 20 விநாடி. முதலில் பொடி வரும், பிறகு ஈர மணல்போலக் கட்டியாகும். அந்த இடத்தில் பலர் 'இது விழுதாகாது' என்று தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். தண்ணீர் பட்டால் விழுது இறுகிச் சிமெண்டுபோல ஆகிவிடும், நாள்பட வைக்கவும் முடியாது. பொறுமையாக இன்னும் ஐந்தாறு சுற்று ஓட்டினால் எண்ணெய் விட்டுத் தானே இளகும். அப்படியும் சுற்றவில்லையென்றால் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விடலாம், இரண்டுக்கு மேல் வேண்டாம். ஜார் தொட்டால் சுடும் அளவுக்குப் போனால் 10 நிமிடம் ஆறவிடுங்கள். கரண்டியால் தூக்கினால் நூல்போல அறுபடாமல் விழுவது சரியான பதம்.

கரண்ட் இல்லாதபோது கல்லுரல் இருக்கிறது. 2 மேசைக்கரண்டி எள்ளை ஒரு ஈடாக எடுத்து, முதலில் இடித்துப் பொடியாக்கி, பிறகு உலக்கையை ஓரத்தோடு அழுத்திச் சுற்றி அரைக்க வேண்டும். ஓர் ஈட்டுக்கு சுமார் 10 நிமிடம் ஆகும். அம்மியிலும் நன்றாக வரும். உரல் விழுதில் மிக்சி விழுதைவிடக் கொஞ்சம் நறநறப்பு இருக்கும், ஆனால் மணம் கூடுதலாக நிற்கும். முகத்தில் பூசும் தனாக்காப் பட்டையை அரைக்கும் கல்லை மட்டும் இதற்குத் தொடாதீர்கள். அந்தப் பட்டையின் வாசனை கல்லில் ஊறியிருக்கும், எள்ளெண்ணெய் அதை அப்படியே இழுத்துக்கொள்ளும்.

அரைத்த விழுதை உலர்ந்த கண்ணாடிக் குப்பியில் போடுங்கள். தண்ணீரும் இனிப்பும் சேராத சுத்த விழுது வெளியில் 2 வாரம், குளிர்பெட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். பாகைக் கலந்து வைத்துவிட்டால் ஒரு வாரம்தான். ஆகவே இனிப்பை அவ்வப்போது கோப்பையிலேயே சேர்ப்பது உத்தமம். மேலே எண்ணெய் மிதந்தால் கெட்டதாக அர்த்தமில்லை, அடிவரை கிளறி எடுங்கள்.

இனிப்பு

பகான், ஞாவ்ஊ பக்கத்துப் பனைவெல்லம், பர்மியர் தன்யெ என்பது, இந்த எள்ளுக்குச் சீனியைவிடப் பொருந்துகிறது. நம் ஊர்க் கருப்பட்டியின் உறவு அது, அதே பனைமரத்துப் பதநீரில் காய்ச்சியது. 100 கிராம் பனைவெல்லத்தை நுணுக்கி 60 மி.லி. தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, மறுபடி அடுப்பில் வைத்து 2 நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குங்கள். தேனைவிடச் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். வடிகட்டாமல் விட்டால் அடியில் மண் தங்கும்.

பாகை ஆறவைத்தே பயன்படுத்துங்கள். வெல்லத்தில் இருக்கும் புளிப்பால், அதைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் பால் திரிந்துவிடும். நோசி எனப்படும் இனிப்புக் கட்டிப்பாலை விரும்புகிறவர்கள் பாகுக்குப் பதில் 20 கிராம் அதை எள் விழுதோடு கலக்கலாம். தேநீர்க்கடை ருசி வரும், விழுதும் கோப்பைச் சுவரில் அழகாகப் படிந்து நிற்கும்.

மாட்சா

மாட்சா என்பது பொடித்த பச்சைத் தேயிலைதானே என்று ஷான் மலைத் தேயிலையை மிக்சியில் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அது மாட்சா ஆகாது, காரணம் செடியிலேயே தொடங்குகிறது. மாட்சாவுக்கான செடிகளைப் பறிப்பதற்கு முன் சுமார் 3 வாரம் நிழல்பந்தல் போட்டு மூடுவார்கள். வெயில் குறைவதால் இலையில் பச்சையம் கூடும், தியானின் என்னும் இனிய சுவை தரும் சத்து துவர்ப்பாக மாறாமல் தங்கும். பறித்த இலையை ஆவியில் அவித்து உலர்த்தி, நரம்பும் காம்பும் நீக்கி, கல் திரிகையில் அரைப்பார்கள். ஒரு திரிகை ஒரு மணி நேரத்தில் சுமார் 40 கிராம்தான் தரும். வேகமாகச் சுற்றினால் சூடேறிப் பச்சை போய்விடும் என்பதால்தான் அந்த நிதானம். சாதாரணத் தேயிலையை வீட்டில் பொடித்தால் மஞ்சள்பச்சையாக, நறநறவென்று, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்போடு வரும். ஷான் பச்சைத் தேயிலையைக் கடும் டிகாஷனாக இறக்கி எள் பாலோடு சேர்த்தால் அதுவும் நல்ல பானம்தான், அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்வோம்.

கியோட்டோ பக்கத்து ஊஜி, ஐச்சி மாகாணத்து நிஷியோ, ஃபுகுஓகாவின் யமே, தெற்கே ககோஷிமா ஆகியவை மாட்சாவுக்குப் பேர்போன இடங்கள். டப்பாவில் 'சடங்குத் தரம்' என்று அச்சிட்டிருப்பதை வைத்து ஏமாற வேண்டாம். அந்தச் சொல்லுக்குச் சட்டப்படியான அளவுகோல் கிடையாது. பாலோடும் எள்ளோடும் கலக்கப்போகிறதற்கு மிக மென்மையான உயர்தர மாட்சா வீண்செலவு, அதன் நயமெல்லாம் எள்ளில் அமுங்கிவிடும். நடுத்தர விலையில், நல்ல பச்சையாக, கொஞ்சம் துவர்ப்போடு இருப்பதை எடுங்கள். 2024 இலையுதிர் காலத்தில் கியோட்டோவின் பழைய தேயிலை நிறுவனங்களே ஓர் ஆள் வாங்கும் அளவுக்குக் கட்டுப்பாடு வைக்கும்படி தட்டுப்பாடு வந்தது. தட்டுப்பாடு வந்தால் கலப்படமும் கூட வரும். உறையின் பின்பக்கம் சேர்மானத்தில் பச்சைத் தேயிலை ஒன்று மட்டுமே இருக்க வேண்டும். சீனி, பால்பொடி, நிறமி கலந்த பாக்கெட் மாட்சா இந்தச் செய்முறைக்கு ஆகாது.

வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை வைத்து விரலால் இழுத்துப் பாருங்கள். நல்லது கண்மைபோல நீண்டு படியும். மட்டமானது திட்டுத்திட்டாகச் சிதறும். நிறம் காய்ந்த வைக்கோலை ஒத்திருந்தால் பழையது.

காற்று, வெளிச்சம், ஈரம், வெப்பம் நான்கும் மாட்சாவுக்குப் பகை. ரங்கூன் மழைக்காலத்தில் திறந்த டப்பா ஒரே வாரத்தில் கட்டிபடும். 30 கிராம் டப்பாவாக வாங்கி ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால், எடுத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த பொடியின்மேல் காற்றின் ஈரம் வியர்த்துப் படியும். ஒரு மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள். நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் இல்லாத வீட்டில் குளிர்பெட்டியே மாறிமாறிச் சூடாவதால், இறுக மூடி இருட்டான அலமாரியில் வைப்பது மேல்.

பால்

முழுக்கொழுப்புப் பால் எடுங்கள். கறந்த பாலானால் காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை முழுக்க எடுத்துவிட வேண்டும். ஆடைத் துண்டு மாட்சாவோடு ஒட்டிக்கொண்டு பச்சைத் திட்டாக மிதக்கும். எருமைப்பால் கெட்டியாக இருந்தால் நான்கில் ஒரு பங்கு தண்ணீர் சேர்க்கலாம். பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்போடு பிணைந்து அதை மட்டுப்படுத்தும், அதனால் பாலைக் கூட்டினால் தேயிலை மங்கும். பால் குடிக்காதவர்களுக்கு இனிப்பில்லாத சோயாப்பால் சரிப்படும். தேங்காய்ப்பாலின் மணம் மாட்சாவை மூடிவிடும்.

குளிர்ந்த லாட்டே, ஒரு கோப்பை

350 முதல் 400 மி.லி. பிடிக்கும் கண்ணாடிக் கோப்பைக்கு:

எள் விழுது 20 கிராம் (குவியலாக ஒரு மேசைக்கரண்டி)
பனைவெல்லப் பாகு 15 மி.லி.
உப்பு ஒரு சிட்டிகை
சூடான பால் 30 மி.லி.
குளிர்ந்த பால் 130 மி.லி.
ஐஸ் சுமார் 100 கிராம்
மாட்சா 3 கிராம் (ஒன்றரைத் தேக்கரண்டி, தலைதட்டி)
மாட்சாவுக்குத் தண்ணீர் 40 மி.லி.

1. சிறு கிண்ணத்தில் எள் விழுது, பாகு, உப்பைக் குழையுங்கள். சூடான பாலை ஒரு கரண்டி விட்டதும் விழுது இளகுவதற்குப் பதிலாக இறுகும். பயப்பட வேண்டாம். எண்ணெயோடு நீர் முதலில் சேரும்போது எள்ளின் மாவுப்பகுதி நீரை உறிஞ்சி இறுகுவது இயல்பு. மீதிப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கக் கலக்க மறுபடி இளகி, தோசை மாவுப் பதத்துக்கு வரும். முழுப் பாலையும் ஒரே தடவையில் ஊற்றினால் கட்டிகள் உடையாமல் மிதக்கும்.

2. மென்மையாக வேண்டுமென்றால் இந்தக் கலவையைத் தேநீர் வடிகட்டியில் கரண்டியால் அழுத்தி வடித்துவிடுங்கள். கறுப்பு எள்ளின் தோல் எவ்வளவு அரைத்தாலும் முழுக்க மசியாது.

3. கோப்பையில் ஊற்றி, கோப்பையைச் சாய்த்துச் சுழற்றினால் சுவரில் கோடுகள் படியும். அதன்மேல் ஐஸை நிரப்புங்கள். தெருவில் அறுத்து விற்கும் பாள ஐஸ் வேண்டாம். குடிக்கும் தண்ணீரில் வீட்டில் உறையவைத்ததே பாதுகாப்பு.

4. குளிர்ந்த பாலை ஐஸின்மேல் மெதுவாக ஊற்றுங்கள்.

5. இனி மாட்சா. கடைசியாகத்தான் கலக்க வேண்டும், முன்கூட்டிக் கலந்து வைத்தால் அடியில் படிந்து பழுப்பேறும். மாட்சா தண்ணீரில் கரைவதில்லை, மிதந்து நிற்கிறது அவ்வளவுதான். ஆகவே பொடியை முதலில் சல்லடையில் சலிப்பது கட்டாயம். சலிக்காத பொடியின் கட்டியை எவ்வளவு அடித்தாலும் உள்ளே உலர்ந்தபடியே இருக்கும்.

6. தண்ணீர் 75 டிகிரி இருக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் டம்ளரும் டபராவும் போதும். கொதித்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி, பிறகு டபராவுக்கு மாற்றி, மறுபடி டம்ளருக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றலிலும் சுமார் 8 முதல் 10 டிகிரி இறங்கும். ஆவி பொங்காமல் நூல்போல எழும்பும் நிலை அது. கொதிநீர் பட்டால் கசப்புச் சத்துகள் அதிகமாக இறங்கும், பச்சையமும் சிதைந்து நிறம் பாசிபோல மங்கும்.

7. முதலில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுக் களியாகக் குழைத்து, பிறகு மீதியை ஊற்றி அடிக்க வேண்டும். ஜப்பானிய மூங்கில் துடைப்பம் இருந்தால் அதன் நுனியை ஒரு நிமிடம் வெந்நீரில் நனைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இழைகள் முறியும். வட்டமாகச் சுழற்றாமல் மணிக்கட்டால் முன்னும் பின்னும் விரைவாக 20, 30 விநாடி அடித்தால் நுண்ணுரை எழும். சோப்புப் போடாமல் அலசி, நுனி மேலே நிற்கும்படி காற்றாட வையுங்கள். மழைக்காலத்தில் டப்பாவுக்குள் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

துடைப்பம் இல்லாதவர்கள் மூடியுள்ள 200 மி.லி. குப்பியில் சலித்த மாட்சாவையும் குளிர்ந்த தண்ணீரையும் விட்டு ஒரு நிமிடம் குலுக்கலாம். குளிர்லாட்டேக்கு இந்த முறை மிக நன்றாக வருகிறது, கசப்பும் குறைவு. வெந்நீரை மூடிக் குலுக்காதீர்கள், ஆவியின் அழுத்தத்தில் மூடி தெறிக்கும்.

8. மாட்சாவை ஐஸ் கட்டியின்மேல் அல்லது கவிழ்த்த கரண்டியின் முதுகில் மெதுவாக ஊற்றுங்கள். அடுக்கு நிற்பதன் காரணம் எடை. பாகு கலந்த எள் கனம், பால் அதைவிட லேசு, இனிப்பில்லாத மாட்சாத் தண்ணீர் எல்லாவற்றையும்விட லேசு. மாட்சாவில் சீனி போட்டால் அது கனத்துப் பாலுக்குள் இறங்கிவிடும். இனிப்பை முழுக்க எள்ளிலேயே வைப்பது அதனால்தான்.

குடிக்கும்முன் அடிவரை கலக்குங்கள். கலக்கினால் சாம்பல்பச்சை நிறமாகும், படத்தில் பார்த்த அழகு போய்விட்டதே என்று வருந்த வேண்டாம். ருசி அங்கேதான் இருக்கிறது.

சூடாகக் குடிப்பதானால்

மாட்சா 2 கிராம் போதும், ஐஸ் உருகி நீர்க்காததால். எள் கலவை அதே அளவு. பால் 180 மி.லி. எடுத்து 60, 65 டிகிரி வரை மட்டும் சூடேற்றுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் சிறு குமிழ் தோன்றுவதற்கு முன், விரலை ஒரு விநாடிக்கு மேல் வைக்க முடியாத சூடு. 70 டிகிரியைத் தாண்டினால் காய்ச்சிய பால் வாடை மேலெழுந்து மாட்சாவை அடக்கிவிடும்.

நுரைக்கு நாம் அறிந்த வழியே சிறந்தது, ஆற்றுவது. இரண்டு பாத்திரங்களுக்கு நடுவே பாலை ஓர் அடி உயரத்திலிருந்து ஐந்தாறு தடவை ஆற்றினால் தேநீர்க்கடை நுரை வரும். பால் சூடும் இறங்கும் என்பதால் ஆற்றப்போகிறவர்கள் 70 டிகிரியில் எடுக்கலாம். எள் கலவையைக் கோப்பையில் விட்டு, ஆற்றிய பாலை ஊற்றி, மாட்சாவை நடுவில் ஒரே இடத்தில் விடுங்கள். நுரையைத் துளைத்துக்கொண்டு போய் மேலே பச்சை வட்டமாக விரியும்.

எங்கே தவறும்

மேலே எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்தால் விழுது பாலில் சரியாகக் குழையவில்லை, அல்லது அரைக்கும்போது எண்ணெய் அதிகம் விட்டிருக்கிறீர்கள். பச்சைக் கட்டிகள் தென்பட்டால் சலிக்கவில்லை. எள் அடியிலேயே தங்கி எவ்வளவு கலக்கினாலும் மேலே வரவில்லையென்றால் அதைக் குளிர்ந்த பாலில் கலக்க முயன்றிருப்பீர்கள், சூடான 30 மி.லி. பாலின் வேலையே அதுதான்.

கசப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியாதபோது இரண்டையும் தனித்தனியே ருசித்துப் பாருங்கள். நாக்கின் பின்பக்கம் புகைக் கசப்பாக நின்றால் எள் கருகியது. வாய் வறண்டு துவர்த்தால் மாட்சாவில் சூடு அதிகம். இந்தச் சோதனை செய்யாமல் பாகை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் கசப்பும் போகாது, பானமும் திகட்டும்.

ருசியே இல்லை, வெறும் பால்போல இருக்கிறது என்றால் பெரும்பாலும் உப்பை மறந்திருப்பீர்கள். அந்த ஒரு சிட்டிகைதான் எள்ளை எழுப்பும். அடுத்த காரணம் எள்ளைப் பயந்து பயந்து பாதியிலே இறக்கியது.

மாட்சா மண்ணும் இரும்புமாக வாடையடித்தால் தண்ணீரைப் பாருங்கள். ஆழ்குழாய்க் கடின நீரில் மாட்சா நிறமும் மங்கும், சுவையும் மழுங்கும். குடிநீர்ப் புட்டித் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

விருந்தினர் வந்தால்

ஆறு கோப்பைக்கு எள் விழுது 120 கிராம், பாகு 90 மி.லி., சூடான பால் 180 மி.லி., அரைத் தேக்கரண்டிக்குக் குறைவாக உப்பு. இதை முதல்நாளே கலந்து வடித்துக் குளிரவைக்கலாம். தீபாவளி, பொங்கல் போன்ற நாளில் வருகிறவர்கள் உட்கார்ந்த பிறகு மாட்சாவை மட்டும் அடித்தால் போதும். 18 கிராம் மாட்சாவை ஒரே கிண்ணத்தில் அடிக்காமல் மூன்று ஈடாக அடியுங்கள், அளவு கூடினால் துடைப்பம் அடிவரை எட்டாது.

3 கிராம் மாட்சாவில் ஏறக்குறைய 60 முதல் 130 மில்லிகிராம் காஃபின் இருக்கும். மாலையில் குடித்தால் தூக்கம் கெடலாம். கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 200 மில்லிகிராமுக்குள் என்பதே பொதுவான அறிவுரை, அதைக் கணக்கில் கொள்ளுங்கள். தேயிலைத் துவர்ப்பு உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுப்பதால் சோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. எள் சிலருக்கு ஒவ்வாமை தரும், கடுமையாகவும் வரும். விருந்தில் ஊற்றும்முன் கேட்டுவிடுங்கள், குழந்தைகள் இருந்தால் கட்டாயம்.

எள் பட்ட ஜாரையும் வடிகட்டியையும் அன்றே வெந்நீரில் கழுவ வேண்டும். ஒட்டிய எண்ணெய் ஓரிரு நாளில் காறி, அடுத்த விழுதில் அந்த வாடையை இறக்கும். ஒரு பிடி அரிசியை ஜாரில் போட்டு ஓட்டினால் மூலைமுடுக்கில் இருப்பதெல்லாம் வந்துவிடும். வடிகட்டியில் தங்கிய எள் தோலை எறியாதீர்கள். பாகின் இனிப்பு ஏறியிருக்கும் அது, அன்றைய ஆப்பத்துக்கோ இடியாப்பத்துக்கோ தேங்காய்த்துருவலோடு சேர்த்தால் நன்றாக இருக்கும். பால் கலந்திருப்பதால் மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.